திசுவுக்குப் பேர் இல்லை

ஜாஹிதா ஊசியைத் தட்டினாள். இன்குபேட்டருக்குள் இருந்து பதில் வந்தது.

முதல் தடவை அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஊசி நுனியில் ஒட்டிய ஈரத்தை உதறுவதற்குக் கண்ணாடித் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு என்று தட்டுவது அவளுடைய கைப்பழக்கம். டக் டக்... டக். இந்த லேபில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளில் இருந்து தட்டுகிறாள், தட்டுவது அவள் காதுக்கே கேட்பதில்லை. இன்றைக்குக் கேட்டது அவள் தட்டிய சத்தம் இல்லை. அவள் தட்டி முடித்த பிறகு, முதுகுக்குப் பின்னால், சாத்திய இன்குபேட்டர் கதவுக்கு உள்ளே, நக நுனியால் முட்டை ஓட்டைத் தட்டுவது போல மெல்ல வந்தது. டக் டக்... டக்.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவாய் வழியாக வந்த காற்று பல்லடம் ரோட்டுப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து கல்லூரி ஜன்னல்களில் அறைந்துகொண்டிருந்தது, கொக்கி போடாத கதவு எங்கேயோ கீழ்த்தளத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது, வானம் மூடிக்கிடந்ததால் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் மேஜை மேல் கிடந்தது. கட்டிடத்தில் அவளையும் கீழே அட்டெண்டர் அங்கப்பனையும் தவிர ஒரு ஜீவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஊட்டில் பிரியாணி ஆக்கித் தின்றுவிட்டுத் தூங்கவேண்டியவள், இங்கே ஸ்பிரிட் நாற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது என்பார் புரொபசர் அரங்கசாமி. அவருக்குத் தெரியுமே! அவர் ஊட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பார்.

அந்தக் கோபத்தில் இன்னொரு முறை ஊசியை ஓங்கித் தட்டினாள்.

டக் டக்... டக் என்றது உள்ளே.

கரண்ட் போனது. விசிறி நின்றது, இன்குபேட்டரின் முனகல் நின்றது. அந்த முனகலுக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் என்ன ஒளிந்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது ஒரு முட்டையின் சத்தம் இல்லை. எல்லா முட்டையும் சேர்ந்து, ஒரே சமயத்தில், மிக மெல்லிசாகத் தட்டிக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான ஈரக் காற்றும், கோழிக் கூண்டுக்கும் பிரசவ வார்டுக்கும் நடுவான அந்த வாசனையும் முகத்தில் மோதின. பல்லடம் ஹேச்சரியில் இருந்து வந்த முட்டைகள் தட்டு நிறைய வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் மேல்புறத்திலும் கத்தரியால் வெட்டிய சிறு ஜன்னல், அதன் மேல் செல்லோ டேப். டேப் வழியாகப் பார்த்தால், கரு தெளிவாகத் தெரிவதற்காக அவளே ஊசி போட்டு அடியில் இறக்கிய கறுப்பு மசிமேல், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத கோழிக்கரு வெளேரென்று சுருண்டு கிடக்கும். அந்த வயதுக் கரு அசையும்தான். மூளையும் தண்டுவடமும் உருவாகும்போது நரம்புகள் தாமாகவே துடிக்கும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். அதுகளுக்கு இன்னும் காது முளைக்கவில்லை.

இங்கே எல்லாம் ஒன்றாக இழுத்தன. இரண்டு இழுப்பு, நிறுத்தம், ஒரு இழுப்பு. அவள் நிழல் தட்டின் மேல் விழுந்ததும் எல்லாம் சேர்ந்து நின்றன.

வேண்டுமென்றே வேறு மாதிரி தட்டிப் பார்த்தாள், தடதடவென்று, தாளமில்லாமல். ஒன்றும் அசையவில்லை. பிறகு, மனசில்லாமல், பழைய தட்டைத் தட்டினாள்.

எல்லாம் பதில் சொல்லின.

அந்தத் தட்டை அவளிடம் இருந்து கேட்டுப் பழகிய உயிர் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது போன கார்த்திகையில் போய்விட்டது.

நாலு மாசம் நிறையவில்லை. இந்த மேஜையில் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் வயிற்றை மேஜை விளிம்பில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஊசியைத் தட்டி, 'கேக்குதா கண்ணு' என்று கேட்பாள். கேட்காது என்று அவளுக்குத் தெரியும், படித்தவள்தானே. இருந்தாலும் கேட்பாள். ஒருநாள் வயிற்றுவலி வந்தது. புரொபசர்தான் தன் காரிலேயே கூட்டிப்போய்த் தன் தங்கையின் நர்ஸிங் ஹோமில் சேர்த்தார். 'ஒத்தப் பைசா வாங்கப்படாதுன்னு சொல்லிப்போட்டனுங்க அம்மணி' என்றார். தெய்வம் மாதிரி மனுஷன் என்று அன்றைக்கு அவள் மாமியார் துஆ செய்தாள்.

கலைந்த பிள்ளையை அவளுக்குக் காட்டவில்லை. வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றிய ஒரு சின்னப் பொட்டணத்தை நர்ஸ், அவள் புருஷன் ரசாக்கின் கையில் கொடுத்தாள். நாலு மாசம் நிறையாத பிள்ளையைக் குளிப்பாட்டுவதில்லை, தொழுகை வைப்பதில்லை, சுற்றிய துணியோடு அப்படியே மண்ணுக்குள் வைத்துவிடுவதுதான் அவர்கள் வழக்கம். சுற்றிய துணியை யாரும் பிரிக்கவில்லை. பிரிக்கத் தோன்றுமா? கோட்டைமேட்டில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் மனுஷன், கண்ணாடியைத் தூக்குகிற ஜாக்கிரதையோடு அதைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்கு நடந்தான். ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னான்: "கனமே இல்ல ஜாஹி. பஞ்சாட்டம் இருந்துச்சு."

எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த நோம்புக்குள்ள ஒண்ணு வந்துரும், எந்திரிச்சுச் சாப்புடு, இதுக்கெல்லாமா இப்படி அழுவாங்க. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அவளைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது ஒரே ஒரு நினைப்புதான். பிள்ளை மண்ணுக்குள் நிம்மதியாக இருக்கிறது. யாரும் அதை இனித் தொடமுடியாது. மனசுக்குள் அதற்கு இஃப்ரா என்று பேர் வைத்திருந்தாள். புருஷனுக்குக்கூட அந்தப் பேரைச் சொல்லவில்லை.

ஒரு முட்டையை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். கண்ணாடி வழியாக வந்த மங்கல் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து டேப்பைப் பிரித்தாள். கருவின் கண் உடம்புக்கு மிஞ்சிய பெரிய கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. அதன் முதுகில், நரம்புக் குழலை ஒட்டி, அவள் தன் கையாலேயே நறுக்கி வைத்த ஒட்டுத் துணுக்கு இருந்தது. ஆட்டுக்கருவின் மூளை அடித்தளத்தில் இருந்து எடுத்தது என்று புரொபசர் சொன்ன துணுக்கு. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனில் உறைய வைத்திருந்தார். அதற்கு முன்னால் வைத்தவையெல்லாம் ஒட்டாமல் கருகிப்போயின. இது மட்டும் ஒட்டியது. அதைச் சுற்றிக் கோழியின் செல்கள் புதிது புதிதாக நரம்பாக மாறிக்கொண்டே போயின. 'நம்ம ஆடு பேசுதுங்க அம்மணி, கோழி கேக்குது' என்று அவர் சிறுபிள்ளை மாதிரி கைதட்டினார்.

எது உள்ளே இருந்து பேசுகிறது?

அவள் வாய் தானாக முணுமுணுத்தது. "இஃப்ரா."

கறுப்பு வட்டம் திரும்பியது. லென்ஸ் வழியாக அவளையே பார்த்தது.

அவள் பின்னால் சாய்ந்ததில் ஸ்டூல் கவிழ்ந்தது. இன்குபேட்டருக்குள் தட்டு முழுவதும் தட்டத் தொடங்கியது. டக் டக்... டக். டக் டக்... டக். அவள் ஓடிப்போய் டிபார்ட்மெண்ட் போனை எடுத்துப் புரொபசர் ஊட்டு நம்பரைச் சுழற்றினாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. வாங்க சார், உடனே வாங்க என்று மட்டும்தான் சொல்லியிருப்பாள்.

அவர் ஊடு கல்லூரிக்குப் பின்னாலேயே இருந்தது. காற்றில் வேட்டி படபடக்க வந்தார், நெற்றியில் திருநீறு, விரலில் பச்சைக்கல் மோதிரம். பின்னாலேயே அங்கப்பன் மாடிப்படி வரைக்கும் வந்து, அவர் கையசைத்ததும் கீழே போய்விட்டான்.

"ஏனுங்க அம்மணி, மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடக்குது. சாப்டீங்களா?"

இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். நெஞ்சைப் பிளந்தாலும் ங்க போட்டுத்தான் பிளப்பார்.

"சார், இந்தத் திசு எங்க இருந்து வந்துச்சு?"

"சொன்னனே, ஆடு அறுக்கற தொட்டியில..."

"ஆடு இல்ல சார்."

அவர் இன்குபேட்டரைப் பார்த்தார். சத்தம் நின்றிருந்தது. மேஜைமேல் இருந்த கேனைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைக்கும்போது அவர் முகத்தில் வெட்கம் துளிகூட இல்லை. கொஞ்சம் அலுப்புதான் தெரிந்தது.

"ஆடு உறைய வெச்சாத் தாங்கறதில்லைங்க. நீங்களும் பாத்தீங்கல்ல? என்ற தங்கச்சி நர்ஸிங் ஹோம்ல குப்பையில போறதுதானுங்க. ஒரு நல்ல காரியத்துக்கு ஆவட்டும்னு வாங்கியாந்தேன்."

"எப்ப?"

"அது... மழைக்காலத்துல."

"யாரோடது?"

"அதெல்லாம் கேக்கப்படாதுங்க. திசுவுக்குப் பேர் இல்லைங்க அம்மணி."

"யாரோடதுன்னு கேட்டேன்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, காய்ச்சல்காரக் குழந்தைக்குச் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"தெரிஞ்சா நீங்க வேதனைப்படுவீங்கன்னுதானுங்க சொல்லல. அன்னிக்கு வேற கேசே வரல. உங்க ஊட்டுக்காரர் மனசும் நோகப்படாதுன்னு பஞ்சு வெச்சுச் சுத்திக் குடுக்கச் சொன்னேன். நீங்களே யோசிங்க, மண்ணுல வெச்சிருந்தா மக்கித்தானே போயிருக்கும்? இப்பப் பாருங்க, பேசுது. உங்க தீசிஸ்தானே அம்மணி?"

பஞ்சாட்டம் இருந்துச்சு.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில், தன் கையால், கூரான ஊசியால். துண்டு துண்டாக. அளவு பார்த்து நறுக்கியது அவள். சரியாக வரவில்லை என்று திரும்ப நறுக்கியதும் அவள்தான். நறுக்கும்போது பாட்டு முணுமுணுத்ததுகூட நினைவு வந்தது. வயிற்றில் இருந்து உச்சந்தலை வரைக்கும், அவள் ஆயுசில் அறியாத ஒரு கோபம் ஏறியது. பாவி. படுபாவி. என் பிள்ளையை எடுத்து என் கையிலேயே கத்தியைக் கொடுத்தாயே. நாசமாகப் போவாய். கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

டக் டக்... டக் என்றது இன்குபேட்டர்.

"ஓ, இதானா?" புரொபசரின் முகம் மலர்ந்தது. அவளை மறந்தே போனார். "இதுக்கா பயந்தீங்க? நரம்பு தானாத் துடிக்கறதுங்க. எல்லாம் ஒரே ஒட்டு, அதனால ஒரே தாளம். அருமைங்க, அருமை!"

தட்டை வெளியே இழுத்து மேஜைமேல் வைத்தார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் திறந்து கிடந்த முட்டையின் மேல் குனிந்தார்.

"தொட்டா நின்னுரும் பாருங்க."

கையுறை போடவில்லை. மோதிர விரலை ஜன்னலுக்கு நேரே கொண்டுபோனார்.

வகுப்பில் அவர் வழக்கமாகச் சொல்வது அவள் காதில் ஓடியது. வருஷா வருஷம் அதே வார்த்தைகள். 'பொறக்கறப்ப எந்தச் செல்லுக்கும் தான் ஆருன்னு தெரியாதுங்க. பக்கத்துல இருக்கறது ஒரு புரதத்தக் கசிய உடும், அதான் சேதி. கிட்ட நின்னு கேட்டது ஒரு நரம்பாவும், எட்ட நின்னு கேட்டது வேற நரம்பாவும். தொட்டுக்கிட்டே இருக்கறது மட்டும் கேட்டதோட நிக்காதுங்க. அதுவும் சொல்றவனாவே மாறிப்போயிரும். மாறினா மாறினதுதான், திரும்பி வர வழி கெடையாது.'

வேண்டாம் சார், தொடாதீங்க என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. விரல் மெல்லத்தான் இறங்கியது. அவள் சொல்லவில்லை. கீழே கிடந்த ஊசியை எடுத்தாள். கண்ணாடித் தட்டின் விளிம்பில், தன் பிள்ளைக்குத் தட்டுகிற தட்டைத் தட்டினாள்.

விரல் கருவைத் தொட்டது.

அவர் நிமிரவில்லை.

"சார்?"

குனிந்தபடியே இருந்தார். தோள் மட்டும் இழுத்தது. இரண்டு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு. மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

தட்டில் இருந்த முட்டைகள் ஒவ்வொன்றாக அடங்கின. முதல் வரிசை. அடுத்தது. கடைசி வரிசை. டேப்புக்கு அடியில் வெளேரென்று கிடந்தன. துடிப்பு இல்லை. கண் மங்கிப்போயிருந்தது.

இப்போது அறையில் ஒரே ஒரு தட்டல்தான் கேட்டது. மேஜைக் காலில். விரல் கணுவால். மோதிரம் போட்ட விரல்.

அவர் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் படுத்தார். முழங்கால் மடங்கியது. தாடை நெஞ்சில் போய் ஒட்டியது. முதுகு வளைந்தது. மனுஷ முதுகு அவ்வளவு வளையாது. எலும்பு நெரியும் சத்தம் கேட்டது, அவர் வாயில் இருந்து முனகல்கூட வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது ஆள், கல்யாண மண்டபம் கட்டியவர், டிபார்ட்மெண்டையே நடுங்க வைத்தவர், ஒரு கூடைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருண்டு கிடந்தார்.

செத்தான் என்று நினைத்தாள். செத்துத் தொலை என்றும் நினைத்தாள். அவர் முகத்தில் ஓங்கி உதைக்கக் காலைத் தூக்கினாள். சத்தியமாக உதைக்கத்தான் தூக்கினாள். அவர் தலையைத் திருப்பினார்.

அந்தக் கண்ணில் புரொபசர் இல்லை. அந்தக் கண் எதையும் இதுவரை பார்த்ததில்லை. வெளிச்சம் கூசி மூடியது, மறுபடி திறந்தது. ஜன்னலைத் தேடியது, மேஜையைத் தேடியது. இரண்டிலும் நிற்கவில்லை.

அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லக்கூடாது. சொன்னால் உறுதியாகிவிடும். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். யா அல்லாஹ், இது வேண்டாம். வேறு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இவனுக்குள் வேண்டாம். பொத்திய கைக்கு உள்ளே உதடு அசைந்தது.

"இஃப்ரா?"

கண் அவள்மேல் வந்து நின்றது. நரைத்த மீசைக்கு அடியில் உதடுகள் பால் தேடிக் குவிந்தன.

தூக்கிய கால் தானாகத் தரைக்கு வந்தது. உலகத்திலேயே அவள் மிகவும் வெறுக்கும் உடம்பு அது. அந்த உடம்புக்குள்தான் பிள்ளை இருந்தது. மண்ணுக்குள் இல்லை. ஒருநாளும் மண்ணுக்குள் இருந்ததில்லை. பக்கத்தில் போகவும் முடியவில்லை, விட்டு ஓடவும் முடியவில்லை. அவள் மார்பு கனத்து வலித்தது. அந்த வலி எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததனால் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கீழே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்கம்மா," அங்கப்பனின் குரல். "ஐயா போயிட்டாருங்களா? காத்து பலமா அடிக்குது, கதவச் சாத்திப்போடட்டுங்களா?"

அவளுக்குப் பதிலாகத் தரையில் இருந்து பதில் போனது. டக் டக்... டக்.

"அம்மா?"

செருப்புச் சத்தம் மேலே ஏறியது. தரையில் கிடந்த உடம்பு அந்தச் சத்தத்துக்குப் பயந்து வெடுக்கென்று இழுத்தது. பிறகு அதன் வலது கை, மயிர் நரைத்த, பச்சைக்கல் மோதிரம் போட்ட கை, எப்படி நகர்வதென்று தெரியாமல் நகர்ந்து, காற்றைத் துழாவி, அவள் புடவை ஓரத்தைக் கண்டுபிடித்து, ஐந்து விரலாலும் இறுகப் பிடித்துக்கொண்டது.